இரண்டு டொலருக்கு என்ன பெயர்?

"இப்ப வாற ஆக்களுக்கு வேலையில் மனம் இல்லை" என்ற முறைப்பாட்டை ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் கடையோ உணவகமோ சிறு தொழிற்சாலையோ நடத்தும் எம்மவர்களிடம் அடிக்கடி கேட்கலாம். வரிக் கணக்கு முடிக்கும் மாதங்களில் என் மேசைக்கு முன்னால் அமர்ந்து இதைச் சொல்லாத முதலாளிகள் குறைவு. அதற்கு அடுத்ததாக வரும் கேள்வி, "ஆக்களை எப்பிடி அண்ணை உற்சாகப்படுத்துறது?" என்பது. இதற்கென்றே ஆலோசகர்கள் இருக்கிறார்கள். சுவரில் 'மாதத்தின் சிறந்த ஊழியர்' படம் மாட்டுங்கள், வெள்ளிக்கிழமையில் பீட்சா வாங்கிக் கொடுங்கள், நத்தாருக்கு விருந்து வையுங்கள் என்று அவர்கள் சொல்வார்கள். சொன்னதற்குப் பற்றுச்சீட்டும் தருவார்கள்.

நான் உளவியல் படித்தவன் அல்லன். வணிகமாணிப் பட்டத்துக்கு முகாமைத்துவம் ஒரு பாடமாக இருந்தது. மாஸ்லோவின் தேவைப் படிநிலையை முக்கோணமாகக் கீறிப் புள்ளி வாங்கியதோடு அது முடிந்தது. மீதி எல்லாம் மற்றவர்களின் சம்பளப் பட்டியலைப் பல வருடமாகப் பார்த்து அறிந்ததுதான். ஆனால் இந்தக் கேள்விக்கு விடை தேட நாங்கள் வெகுதூரம் போகத் தேவையில்லை. எங்கள் ரொறன்ரோ நகரத்துப் பலசரக்குக் கடைகளிலேயே ஒரு பெரிய பரிசோதனை நடந்து முடிந்திருக்கிறது. அது 2020 மார்ச்சில் தொடங்கி 2023 ஓகஸ்ட் 31 இல் முடிந்தது. அதில் எங்கள் பெண்களும் பிள்ளைகளும் காசாளர்களாகவும் தட்டு அடுக்குபவர்களாகவும் பங்குபற்றினார்கள்.

கொரோனா வந்து நகரம் பூட்டப்பட்ட 2020 மார்ச் மாதத்தில் லொப்லோ, மெட்ரோ, சோபீஸ் கடைகளை நடத்தும் எம்பயர் ஆகிய மூன்று பெரிய நிறுவனங்களும் கடை ஊழியர்களுக்கு மேலதிகக் கொடுப்பனவை அறிவித்தன. மணித்தியாலத்துக்கு 2 டொலர் என்பது அதன் பொதுவான அளவு. நிறுவனங்கள் அதைத் தற்காலிகக் கொடுப்பனவு என்றன. ஊடகங்களும் சனங்களும் 'ஹீரோ பே', அதாவது வீரர் சம்பளம் என்றார்கள். கடை வாசல்களில் வீரர்களுக்கு நன்றி என்ற பதாகைகள் தொங்கின.

அப்போது ஒன்ராறியோவின் ஆகக் குறைந்த சம்பளம் 14 டொலர். வாரம் 35 மணித்தியாலம் வேலை செய்யும் ஒருவருக்கு நான்கு வாரத்துக்கு 1,960 டொலர் வரும். அதே மார்ச்சில் அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் அவசரகால உதவித் தொகையான 'சேர்ப்' நான்கு வாரத்துக்கு 2,000 டொலர். தானாக வேலையை விட்டவருக்கு 'சேர்ப்' கிடையாது என்பது உண்மை. ஆனாலும் முகக்கவசம்கூடச் சரியாகக் கிடைக்காத அந்த நாட்களில், வீட்டில் இருப்பவருக்கு 2,000, நோயாளிகள் வந்துபோகும் கடையில் நிற்பவருக்கு 1,960 என்ற கணக்கு எந்தத் தொழிலாளியின் மனதிலும் ஓடத்தான் செய்யும். 2 டொலர் கூட்டினால் 1,960 என்பது 2,240 ஆகிறது. நன்றி உணர்வு இருந்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. அதோடு ஆட்களைக் கடையில் நிற்கவைக்கும் விலையும் அதுவாகத்தான் இருந்தது.

2020 ஜூன் 13 அன்று மூன்று நிறுவனங்களும் ஒரே நாளில் அதை நிறுத்தின. அன்று ரொறன்ரோ இன்னமும் மீள்திறப்பின் முதற் கட்டத்தில்தான் இருந்தது. இரண்டாம் கட்டம் ஜூன் 24 இல் வந்தது. உள்ளிடங்களில் முகக்கவசம் கட்டாயம் என்ற நகரசபைச் சட்டம் ஜூலை 7 இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆக, வாடிக்கையாளர் எல்லோரும் முகத்தை மூடுவதற்கு முன்பே வீரர் சம்பளம் முடிந்துவிட்டது. ஆபத்து நீங்கியதால் கொடுப்பனவு நீங்கியது என்று யாரும் நம்பக்கூடிய திகதி அது அல்ல.

மூவரும் ஒரே நாளில் நிறுத்தியது எப்படி என்று நாடாளுமன்றக் கைத்தொழிற் குழு ஜூலையில் அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டது. தங்கள் முடிவை மற்ற நிறுவனங்களுக்கு மரியாதையின் நிமித்தம் மின்னஞ்சலில் தெரிவித்ததாக லொப்லோவின் அன்றைய தலைவர் சாரா டேவிஸ் ஒத்துக்கொண்டார். சேர்ந்து எடுத்த முடிவு அல்ல என்று நிறுவனங்கள் சொல்லின. பாண் விலையைக் கூடிப் பேசி ஏற்றினால் குற்றம், தொழிலாளியின் சம்பளத்தைக் கூடிப் பேசிக் குறைத்தால் குற்றம் இல்லை என்ற நிலைதான் அன்றைய போட்டிச் சட்டத்தில் இருந்தது. இந்த விவகாரத்துக்குப் பிறகு சட்டம் திருத்தப்பட்டது. முதலாளிமார் தங்களுக்குள் பேசிச் சம்பளத்தை நிர்ணயிப்பது 2023 ஜூன் 23 முதல் கனடாவில் தண்டனைக்குரிய குற்றம்.

இதில் உளவியல் எங்கே வருகிறது? ரொறன்ரோ வாசிகள் இந்த விடயத்தில் எப்படி நினைப்பார்கள் என்பது 35 வருடத்துக்கு முன்பே அவர்களிடமே கேட்டு எழுதப்பட்டிருக்கிறது. டானியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் என்ற மூவர் 1984, 1985 இல் ரொறன்ரோ, வன்கூவர் பகுதிகளில் எழுமாறாகத் தெரிந்த வீடுகளுக்குத் தொலைபேசி எடுத்து, இது நியாயமா, அது நியாயமா என்று கேட்டார்கள். முடிவுகள் 1986 இல் வெளியாகின. கானமனுக்கு 2002 இலும் தேலருக்கு 2017 இலும் பொருளியலுக்கான நொபெல் பரிசு கிடைத்தது. அந்தத் தொலைபேசிக்குப் பதில் சொன்ன ரொறன்ரோ வாசிகள் அதில் தங்களுக்கும் ஒரு பங்கு கேட்கலாம்.

அவர்கள் கேட்ட கேள்விகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒரு சிறு போட்டோக்கொப்பிக் கடை, ஆறு மாதமாக ஒருவர் மணிக்கு 9 டொலருக்கு வேலை செய்கிறார். கடை பரவாயில்லாமல் ஓடுகிறது. பக்கத்தில் ஒரு தொழிற்சாலை மூடப்பட்டு வேலையில்லாதவர் தொகை கூடிவிட்டது. மற்றக் கடைகள் 7 டொலருக்கு நல்ல ஆட்களைப் பிடிக்கின்றன. முதலாளி இவருடைய சம்பளத்தையும் 7 ஆக்குகிறார். இது நியாயமா? 83 வீதமானோர் அநியாயம் என்றார்கள். அவர் விலகிப்போய், புதிதாக வருபவருக்கு 7 டொலர் கொடுத்தால்? 73 வீதமானோர் அது சரி என்றார்கள். வேலை ஒன்று, கடை ஒன்று, சம்பளமும் 7 டொலர்தான். கையில் இருந்ததைப் பறிப்பதும் கொடுக்காமல் இருப்பதும் மனித மனதில் வேறு வேறு பக்கத்தில் பதியப்படுகின்றன.

இரண்டாவது கேள்வி இன்னும் நெருக்கமானது. வியாபாரம் முன்னர்போல் வளரவில்லை, முதலாளி சம்பளத்தில் 10 வீதத்தைக் குறைக்கிறார் என்றபோது 61 வீதமானோர் அநியாயம் என்றார்கள். வருடாவருடம் 10 வீதம் போனஸ் கொடுத்துவந்த முதலாளி இந்த வருடம் போனஸை நிறுத்துகிறார் என்றபோது 80 வீதமானோர் பரவாயில்லை என்றார்கள். வெட்டு ஏறத்தாழ ஒரே அளவு. பெயர்தான் வேறு.

நிறுவனங்கள் இதைப் படித்துவிட்டுத்தான் 2 டொலருக்குத் 'தற்காலிகக் கொடுப்பனவு' என்று பெயர் வைத்தன என்று நான் சொல்லவில்லை. படிக்கத் தேவையே இல்லை. சம்பளப் பிரிவில் வேலை செய்த எவருக்கும் இது பழகிய பாதை. அடிப்படைச் சம்பளத்தில் ஏறியது அடுத்த வருடப் பேச்சுவார்த்தைக்கு அத்திவாரமாகிவிடும். கொடுப்பனவாகக் கொடுத்தால் வேண்டியபோது கழற்றிவிடலாம்.

அப்படியானால் இந்த 80 வீதச் சமாதானம் மெட்ரோ ஊழியர்களிடம் ஏன் வரவில்லை? அந்தக் கேள்வியில் வியாபாரம் மந்தமாக இருந்தது. 2020 இல் பலசரக்குக் கடைகளில் தட்டுகள் காலியாகும் அளவுக்கு விற்பனை நடந்தது, பிறகு வந்த விலையேற்றத்தின் காலத்திலும் இலாபம் வளர்ந்தது. மெட்ரோவின் 2022 நிதியாண்டுத் தேறிய இலாபம் சுமார் 85 கோடி டொலர். இது முதலாவது காரணம். மற்றது அந்தப் பெயர். அந்த 2 டொலரை வீரத்துக்கும் ஆபத்துக்கும் உரிய விலை என்று ஊர் முழுக்கச் சொன்ன பிறகு, ஆபத்து இருக்கும்போதே அதை எடுத்தால் தொழிலாளி எப்படி வாசிப்பார்? ஆபத்து அப்படியே இருக்கிறது, ஆகவே மதிப்புத்தான் குறைந்திருக்கிறது என்று வாசிப்பார். 16 டொலரில் 2 டொலர் போவது 12.5 வீத வெட்டு. ஒருவரை வீரர் என்று அழைக்காமலே 14 டொலரில் வைத்திருந்தால் வந்திருக்கக்கூடிய மனக்கசப்பைவிட, அழைத்துவிட்டு 14 க்குத் திருப்பி அனுப்பியதால் வந்த கசப்புப் பெரிது.

அந்த வருட நவம்பரில் ரொறன்ரோ திரும்பவும் பூட்டப்பட்டபோது எம்பயர் நிறுவனம் மட்டும் 'லொக்டவுன் போனஸ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. கொடுப்பது, எடுப்பது, வேறு பெயரில் திரும்பக் கொடுப்பது. இதைப் பார்த்துக்கொண்டு தட்டு அடுக்குபவரிடம் வேலையில் மனம் வை என்று கேட்பது கொஞ்சம் கஷ்டம்.

மூன்று வருடம் கழித்துக் கணக்குத் தீர்க்கப்பட்டது. 2023 ஜூலையில் மெட்ரோவும் யூனிபோர் தொழிற்சங்கமும் ஒரு தற்காலிக உடன்பாட்டுக்கு வந்தன. சங்கத்தின் பேச்சுவார்த்தைக் குழுவே ஏற்கச் சொல்லிப் பரிந்துரைத்தது. அங்கத்தவர்கள் வாக்களித்து நிராகரித்தார்கள். ஜூலை 29 முதல் பெரும் ரொறன்ரோப் பகுதியின் 27 மெட்ரோ கடைகளில் சுமார் 3,700 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வேலை செய்யும் கடையில் சாமான் வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்பது மறியல் வரிசையில் திரும்பத் திரும்பக் கேட்ட பேச்சு. அதோடு கேட்ட மற்றச் சொல் 'ஹீரோ பே'. கடைசி வாரங்களில் பண்டகசாலைகளுக்கு முன்னாலும் மறித்தார்கள். ஓகஸ்ட் 31 இல் ஏற்கப்பட்ட ஒப்பந்தத்தின்படி முழுநேர ஊழியருக்கும் மூத்த பகுதிநேர ஊழியருக்கும் உடனடியாக 1.50 டொலர் உயர்வு, அடுத்த ஜனவரியில் இன்னும் 50 சதம். கூட்டிப் பாருங்கள், 2 டொலர். 2020 இல் பறிக்கப்பட்ட அதே தொகை, இம்முறை கொடுப்பனவு என்ற பெயரில் இல்லாமல் சம்பளம் என்ற பெயரில்.

சங்கத் தலைமை சரி என்ற உடன்பாட்டை அங்கத்தவர் தூக்கி எறிவது எளிதில் நடப்பதல்ல. வேலைநிறுத்தக் காலத்தில் சங்கம் கொடுக்கும் காசு சம்பளத்தின் ஒரு பகுதிதான். தங்கள் வாடகையைப் பணயம் வைத்து அவர்கள் வெளியே நின்றார்கள். 'வேலையில் மனம் இல்லாதவர்கள்' என்று சொல்லப்படுகிறவர்களுக்கு, தங்களுக்கு நியாயம் என்று பட்ட ஒன்றில் எவ்வளவு மனம் இருந்தது என்பதை அந்த ஒரு மாதம் காட்டியது.

முகாமைத்துவ வகுப்பில் எல்லோரும் படிக்கும் ஒரு பெயர் பிரெடரிக் ஹேர்ஸ்பேர்க். அவருடைய ஆய்வு 1959 இல் நூலாக வந்தது. பிட்ஸ்பேர்க் பகுதியில் சுமார் 200 பொறியியலாளர்களையும் கணக்காளர்களையும் அழைத்து, வேலையில் மிக மகிழ்ந்த நேரத்தையும் மிக வெறுத்த நேரத்தையும் சொல்லச் சொன்னார். (கணக்காளருக்கும் மகிழ்ச்சி உண்டு என்று உலகுக்குப் பதிவு செய்தவர் என்ற வகையில் அவருக்கு எங்கள் தொழில் கடமைப்பட்டிருக்கிறது.) மகிழ்ச்சியைப் பற்றிச் சொன்னபோது சாதனை, அங்கீகாரம், வேலையின் தன்மை, பொறுப்பு என்பவை வந்தன. வெறுப்பைப் பற்றிச் சொன்னபோது நிறுவனத்தின் கொள்கை, மேற்பார்வை, சம்பளம், வேலைச் சூழல் என்பவை வந்தன. திருப்தியும் அதிருப்தியும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள் அல்ல, இரண்டு தனித்தனித் தராசுகள் என்பது அவருடைய முடிவு.

இதை முதலாளிமார் எப்படி விளங்கிக்கொண்டார்கள் என்பதுதான் பகிடி. காசு ஆட்களை உற்சாகப்படுத்தாது, பாராட்டுத்தான் உற்சாகப்படுத்தும், ஆகவே பாராட்டுவோம், காசை விடுவோம். பயிற்சிப் பட்டறைகளில் இன்றும் ஓடும் பாட்டு இதுதான். ஹேர்ஸ்பேர்க் சொன்னதன் மறுபாதியை அவர்கள் வாசிப்பதில்லை. சம்பளமும் நடத்தும் முறையும் சரியில்லை என்றால் அதிருப்தி வரும், அந்த அதிருப்தியைப் பாராட்டு குணப்படுத்தாது என்பதும் அதே ஆய்வுதான். இரண்டு தராசு என்றால் ஒன்றில் வைத்த படிக்கல் மற்றதை நிமிர்த்தாது. 14 டொலரின் மேல் தொங்கிய 'வீரர்களுக்கு நன்றி' பதாகை தவறான தராசில் வைத்த படிக்கல்.

பரிசு சில வேளைகளில் நேரெதிர் வேலையும் செய்யும். எட்வேர்ட் டெசி என்ற உளவியலாளர் 1971 இல் வெளியிட்ட பரிசோதனையில் மாணவர்களுக்குச் சோமா என்ற கட்டைப் புதிரைக் கொடுத்தார். ஒரு குழுவுக்கு நடுவில் ஒருநாள் மட்டும் புதிருக்கு ஒரு டொலர் கொடுத்துப் பிறகு நிறுத்தினார். காசு நின்றபின், ஓய்வு நேரத்தில் அந்தப் புதிரைத் தொடும் ஆர்வம் அந்தக் குழுவில் முன்பிருந்ததைவிடக் குறைந்தது. விருப்பத்துக்குச் செய்தது கூலிக்குச் செய்வதாக மாறி, கூலி போனதும் விருப்பமும் போய்விட்டது.

நான் அகதியாக வந்த புதிதில் இரவுநேர வேலை செய்த ஒரு தொழிற்சாலையில் இதன் இன்னொரு முகத்தைப் பார்த்தேன். தொண்ணூறு நாள் விபத்து இல்லாவிட்டால் அந்தப் பிரிவு முழுவதற்கும் ஒரு சாப்பாடும் ஆளுக்கு ஒரு தொப்பியும். எண்பத்துச் சொச்சமாம் நாளில் என்னோடு நின்ற ஒருவரின் விரல் கிழிந்தது. மற்றவர்களின் தொப்பி போய்விடும் என்று அவர் கையைத் துணியால் சுற்றிக்கொண்டு விடியும்வரை நின்றார். மேற்பார்வையாளர் கண்டும் காணாமல் போனார். அந்தக் காலாண்டில் அங்கே விபத்து எதுவும் பதியப்படவில்லை. சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது.

சம்பளத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு துண்டுக்கும் ஊக்குவிப்பு என்று பெயர் வைக்கும் வித்தை ரொறன்ரோவில் பிறந்தது அல்ல. எங்கள் நாட்டில் தேயிலைத் தோட்டங்களில் அது ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. வடக்கு கிழக்கிலிருந்து வந்த எங்களில் பலர் மலையகத்தின் சம்பளப் போராட்டத்தை வேறு யாருடையதோ செய்தி என்று கடந்துபோனவர்கள். அந்தச் சம்பளச் சீட்டை ஒருமுறை விரித்துப் பார்த்தால் மெட்ரோ கதை உடனே விளங்கும்.

2016 கூட்டு ஒப்பந்தத்தில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 730 ரூபா என்று சொல்லப்பட்டது. அதில் அடிப்படைச் சம்பளம் 500 மட்டுமே. வருகைக் கொடுப்பனவு 60, விலைப் பங்குக் கொடுப்பனவு 30, உற்பத்தித்திறன் கொடுப்பனவு 140. வேலை வழங்கிய நாட்களில் 75 வீதத்துக்கு வராவிட்டால் வருகைக் கொடுப்பனவு இல்லை. கொழுந்தின் நிறை குறிப்பிட்ட கிலோவை எட்டாவிட்டால் 140 இல்லை. அதற்கும் கீழே போனால் நாளே பாதியாகி 'அரைப் பேர்' விழும். மழை பெய்தால் கொழுந்து குறையும், கம்பனி உரம் போடாவிட்டாலும் குறையும். அந்தத் தண்டனை கொழுந்து எடுக்கும் பெண்ணின் ஊக்குவிப்பிலிருந்து கழியும்.

இதில் கணக்காளன் கண்ணுக்குப் படுவது இன்னொன்று. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளியின் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 3 வீதம், ஆக 15. அது 500 ரூபாவுக்குத்தான் கணக்கிடப்பட்டது, 75 ரூபா. 730 முழுவதும் அடிப்படையாக இருந்திருந்தால் 109.50. வித்தியாசம் நாளொன்றுக்கு 34.50 ரூபா. தொழிலாளி முதுமையில் எடுக்கவேண்டிய காசு அது. ஊக்குவிப்பு என்ற சொல்லின் விலை அதற்குள் ஒளிந்திருந்தது.

பிறகு ஆயிரம் ரூபா அடிப்படைச் சம்பளம் கேட்டுப் பெரும் போராட்டம் நடந்தது. 2019 ஜனவரியில் வந்த ஒப்பந்தம் அடிப்படையை 500 இலிருந்து 700 ஆக உயர்த்தியது. 40 வீத உயர்வு என்று அறிவித்தார்கள். வருகைக் கொடுப்பனவும் உற்பத்தித்திறன் கொடுப்பனவும் அதே ஒப்பந்தத்தில் நீக்கப்பட்டன, விலைப் பங்கு 50 ஆனது. 730 ஆக இருந்தது 750 ஆகியது. எல்லாக் கொடுப்பனவையும் ஒழுங்காக எடுத்துவந்த ஒரு தொழிலாளியின் கையில் கூடியது 20 ரூபா. நியாயமாகச் சொல்வதென்றால் அந்த மாற்றத்தில் நன்மையும் இருந்தது. நிதிப் பங்களிப்பு 75 இலிருந்து 105 ஆகியது, மழைநாள் தண்டனையும் குறைந்தது. ஆனால் 40 வீதம் என்று கேட்டுவிட்டு 20 ரூபாவை எண்ணியவருக்கு அந்த நன்மை தெரியாது. தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

ஆயிரம் ரூபா 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் வந்தது. அப்போதும் 900 அடிப்படை, 100 வரவுசெலவுத் திட்டக் கொடுப்பனவு. 2024 இல் அடிப்படை 1,350 ஆகியது. 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அறிவித்தது 1,750 ரூபா. அதில் கம்பனிகள் கொடுப்பது 1,550, மீதி 200 ரூபாவை அரசாங்கம் வருகைக் கொடுப்பனவாகக் கொடுக்கும் என்றார். 2019 இல் வெளியே போன வருகைக் கொடுப்பனவு ஆறு வருடம் கழித்து அரசாங்கத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. கிடைப்பது நல்லதுதான். ஆனால் கொடுப்பனவாக வருவதை ஒரு வரவுசெலவுத் திட்டம் தரலாம், இன்னொன்று எடுக்கலாம். ஜூன் 13 கதை அங்கே நடக்காது என்று யாரும் உறுதி தரவில்லை.

இனி எங்கள் கடைகளுக்கு வருவோம். ரொறன்ரோவின் தமிழ் முதலாளிகளில் பெரும்பாலானோர் தாங்களே கோப்பை கழுவி, இரவுக் காவல் நின்று, பத்திரிகை போட்டு மேலே வந்தவர்கள். கீழே வேலை செய்பவரின் மனநிலை அவர்களுக்குப் புத்தகம் படித்துத் தெரியவேண்டியதில்லை. ஆனாலும் சிலர் ஒரு விசித்திரமான ஊக்குவிப்பைக் கையாள்கிறார்கள். அதற்கு 'எங்கட பிள்ளை' என்று பெயர். புதிதாக வந்த மாணவனோ, அகதி விண்ணப்பம் போட்டுக் காத்திருப்பவரோ, கணவனோடு வந்து ஆங்கிலம் பழகாத பெண்ணோ வேலை கேட்டு வருகிறார்கள். வேலை கொடுத்ததே உதவி. அந்த உதவிக்கு நன்றியாக 44 மணித்தியாலத்துக்கு மேல் நின்றாலும் ஒன்றரை மடங்கு கேட்கக்கூடாது. அது ஒன்ராறியோச் சட்டத்தில் உள்ள உரிமை என்பதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. சம்பளம் கையில் காசாக.

"அண்ணை, அவங்கள்தான் காசாக் கேக்கிறாங்கள்" என்பார்கள். சிலர் கேட்பதும் உண்மை. என்ன இழக்கிறோம் என்று தெரிந்து கேட்கிறார்களா என்பது வேறு விடயம். 2025 ஒக்ரோபர் முதல் ஒன்ராறியோவின் ஆகக் குறைந்த சம்பளம் 17.60 டொலர். வாரம் 35 மணித்தியாலம் என்றால் 616, ஐம்பது வாரத்துக்கு 30,800. கனடா ஓய்வூதியத் திட்டத்தில் முதல் 3,500 ஐக் கழித்து, மீதி 27,300 க்கு முதலாளி 5.95 வீதம் கட்டவேண்டும். அது 1,624 டொலர். தொழிலாளியிடமும் அதே அளவு கழிக்கப்படும். காசாகக் கொடுத்தால் முதலாளிக்கு 1,624 மிச்சம். தொழிலாளியின் ஓய்வூதியக் கணக்கில் விழாமல் போவது 3,248, அதுவும் ஒவ்வொரு வருடமும். 4 வீத விடுமுறைச் சம்பளம் 1,232 பெரும்பாலும் பேச்சிலேயே வராது. வேலைக் காப்புறுதி இல்லை. 2020 இல் 'சேர்ப்' எடுக்க முந்தைய வருடத்தில் 5,000 டொலர் உழைத்ததைக் காட்டவேண்டி வந்தபோது, வருடம் முழுக்க உழைத்தும் காட்ட ஒரு தாளும் இல்லாமல் நின்றவர்கள் யார் என்று இந்தச் சமூகத்துக்குத் தெரியும். நுவரெலியாத் தோட்டத்தின் 34.50 ரூபாவும் ஸ்காபரோக் கடையின் 1,624 டொலரும் ஒரே பக்கத்தில் எழுதவேண்டிய கணக்குகள்.

சட்டப்படி எல்லாம் கொடுத்துவிட்டு எடுத்ததைச் சத்தமில்லாமல் பறிப்பதும் உண்டு. 2018 ஜனவரி முதலாம் திகதி ஒன்ராறியோ ஆகக் குறைந்த சம்பளத்தை 11.60 இலிருந்து 14 ஆக ஒரே நாளில் ஏற்றியது. கோபேர்க் நகரத்து ரிம் ஹோர்ட்டன்ஸ் கடைகளின் முகவர்கள், இனி இடைவேளைக்குச் சம்பளம் இல்லை, மருத்துவச் சலுகைக்கு ஊழியரும் காசு கட்டவேண்டும் என்று கடிதம் கொடுத்தார்கள். ஆகக் கூடுதலான சம்பள உயர்வு கிடைத்த அதே மாதத்தில் மாகாணம் முழுக்க அந்தக் கடைகளுக்கு முன்னால் ஆர்ப்பாட்டம் நடந்தது. அன்றைய முதல்வர் கத்லீன் வின் அதை அடாவடித்தனம் என்றார். முதலாளியின் பேரேட்டில் இரண்டும் கூட்டிக் கழிபட்டுச் சமன் ஆகியிருக்கலாம். தேநீர் இடைவேளையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பவரின் பேரேட்டில் அது சமன் ஆகவில்லை.

சிறு முதலாளிக்கு மெட்ரோவின் இலாபம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவர்களுடைய கணக்கை நான்தான் முடிக்கிறேன். ஸ்காபரோவில் கடை வாடகை என்ன, அரிசி மூட்டை என்ன விலை, அட்டைக் கொடுப்பனவுக்கு வங்கி எவ்வளவு வெட்டுகிறது என்பதும் தெரியும். எல்லோராலும் 2 டொலர் ஏற்ற முடியாது. ஆனால் யேல் பல்கலைக்கழகத்தின் ட்ரூமன் பியூலி என்ற பொருளியலாளர் தொண்ணூறுகளின் பொருளாதார மந்தத்தில் அமெரிக்காவின் வடகிழக்கில் முந்நூறுக்கு மேற்பட்டவர்களிடம் நேரில் போய்க் கதைத்தார். வேலைக்கு ஆட்கள் மலிவாகக் கிடைக்கும்போது ஏன் இருப்பவரின் சம்பளத்தைக் குறைக்கவில்லை என்பது கேள்வி. பெரும்பாலும் முதலாளிமாரே சொன்ன பதில், குறைத்தால் ஆட்களின் மனம் உடைந்துவிடும், அது வேலையில் தெரியும் என்பது. ஆட்களை அனுப்பினாலும் அனுப்புவார்கள், நிற்பவரின் சம்பளத்தில் கைவைக்க அஞ்சினார்கள். இவர்கள் தர்மவான்கள் அல்லர், கணக்குத் தெரிந்தவர்கள்.

போன வருடக் கடைசியில் எம்மவர் ஒருவர் கேட்டார், பன்னிரண்டு பேருக்கு நல்ல மண்டபத்தில் விருந்து வைக்க 3,000 டொலர் ஒதுக்கியிருக்கிறேன், வரிக்குக் கழிக்கலாமா அண்ணை என்று. எல்லா ஊழியரையும் அழைத்தால் கழிக்கலாம் என்றேன். அதோடு ஒரு தாளில் கீறியும் காட்டினேன். பன்னிரண்டு பேரும் வாரம் 30 மணித்தியாலப்படி வருடம் 18,000 மணித்தியாலம் நிற்கிறார்கள். 3,000 டொலரைப் பிரித்தால் மணிக்கு 16 சதத்துக்குக் கொஞ்சம் கூட. 16 சதம் ஏற்றினால் யாரும் நன்றிகூடச் சொல்ல மாட்டார்கள் என்றார். அது உண்மைதான். அடுத்த வருடம் வியாபாரம் விழுந்தால் விருந்தை நிறுத்தலாம், 16 சதத்தை நிறுத்த முடியாதே என்றும் சொன்னார். அதுவும் உண்மைதான், அவர்களுக்கும் அது தெரியும் என்றேன். கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தார். ஆகக் குறைந்த சம்பளத்துக்கு மேல் மணிக்கு 25 சதம், அடிப்படையிலேயே, ஜனவரி முதலாம் திகதியிலிருந்து சம்பளச் சீட்டில் தெரியும்படி போடச் சொன்னார். விருந்தைக் கடைக்குள்ளேயே கொத்து ரொட்டியோடு முடித்தார்.